11 மாச அக்ரிமென்ட் போட்டா இண்ட் ஏஎஸ் 116-ல இருந்து தப்பிச்சிரலாமா?

ஜங்ஷன் கணக்கப்பிள்ளை:
விஷயத்தைச் சொல்லிட்டு என் கட்சியையும் சொல்லிருதேன். உதாரணத்துக்கு ஒரு ஜவுளிக் கம்பெனி, பங்குச் சந்தையில இல்லாதது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை, தென்காசி, வள்ளியூர், தூத்துக்குடின்னு 14 கடை, எல்லாமே வாடகைக் கட்டடம். 2026 மார்ச் 31-ல நெட்வொர்த் (சொத்துல கடன் போக மிச்சம்) 250 கோடியைத் தாண்டிருச்சுன்னு வைங்க. 2026-27-ல இருந்து இண்ட் ஏஎஸ், அதாவது இந்தியக் கணக்கியல் தரநிலைகள், கட்டாயம். இதுல பெரிய தலைவலி 116-ம் தரநிலை, அதாவது லீஸ்: இனிமே கொடுக்க வேண்டிய வாடகையைக் கடனாவும், கடையைப் பயன்படுத்துற உரிமையைச் சொத்தாவும் பேலன்ஸ் ஷீட்ல ஏத்தச் சொல்லுது. 12 மாசத்துக்கு மேல போகாத லீஸுக்கு விலக்கு இருக்கு. அதனால 14 அக்ரிமென்ட்டையும் 11 மாசமா மாத்தி எழுதிட்டா, வாடகையைப் பழையபடி செலவுல போட்டுட்டுப் போயிரலாம். எப்படிப் போட்டாலும் பெட்டியில இருந்து போற பணம் ஒரு ரூபாய்கூட மாறாது. பெறவு எதுக்கு இந்தப் பாடு?

பாளை ஆடிட்டர்:
அண்ணாச்சி, முதல் அடியிலயே வழுக்குது. முந்தின வருஷத்தையும் பக்கத்துல காட்டணுமில்லா? அப்போ தொடக்க பேலன்ஸ் ஷீட் 2025 ஏப்ரல் 1-க்குப் போடணும். அன்னைக்கு நடப்புல இருந்தது 9 வருஷ அக்ரிமென்ட். இப்ப நீங்க என்ன மாத்தி எழுதினாலும் அன்னைக்கு இருந்த கடமை அழியாது. அதை ஏத்தித்தான் ஆகணும். 2026-ல காலத்தைக் குறைச்சா அது லீஸ் மாடிஃபிகேஷன், அதாவது ஒப்பந்தத் திருத்தம். சொத்தையும் கடனையும் அந்த அளவுக்குக் குறைச்சு, வித்தியாசத்தை லாபநஷ்டத்துல போடணும். வேலை ரெண்டு மடங்காகுமே தவிர குறையாது.

ஜங்ஷன் கணக்கப்பிள்ளை:
சரி, பழசை விடுங்க. இனிமே எடுக்கிற கடைக்கு 11 மாசம் போட்டா? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு பண்ணணும்னுதானே ஊர் உலகமே 11 மாசம் போடுது. புதுப்பிக்கிறதுக்கு கட்டட ஓனர் சம்மதிக்கணும். எனக்கு உரிமையே இல்லாத காலத்தை எப்படி லீஸ் காலத்துல சேர்ப்பீங்க?

பாளை ஆடிட்டர்:
கேள்வி நியாயமானது. ரெண்டு பேருமே பெரிய நஷ்டம் இல்லாம விலகிக்கிடலாம்னா அதுக்கு மேல லீஸ் இல்லைன்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. ஆனா "நஷ்டம்"னா அக்ரிமென்ட்டுல எழுதின அபராதம் மட்டும் இல்ல. சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளுக்கு விளக்கம் சொல்ற ஐஎஃப்ஆர்ஐசி கமிட்டி 2019 நவம்பர்ல இதைத் தெளிவாக்கிருச்சு: ஒப்பந்தத்தோட முழுப் பொருளாதாரத்தையும் பார்க்கணும். (நம்ம 116, சர்வதேச லீஸ் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16-ஐ ஒட்டினதுதான்.)

நேரே ஃபிக்ஸட் அசெட் ரெஜிஸ்டரை (நிலைச் சொத்துப் பதிவேட்டை) திறங்க. கடைக்குள்ள லிஃப்ட், சென்ட்ரல் ஏசி, மர ரேக், ஃபால்ஸ் சீலிங்னு ஒன்றரைக் கோடி கிடக்கும். எதிர்ல ஆயுள் 10 வருஷம்னு எழுதியிருக்கும். அதே கம்பெனி லீஸ் காலம் 11 மாசம்னு சொன்னா, எந்த ஆடிட்டர் நம்புவார்? ஒண்ணு, ரேக்குக்கு 11 மாசத்துல முழுத் தேய்மானமும் போட்டு முடிங்க. இல்லேன்னா லீஸை நீட்டுங்க. ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்.

இன்னொண்ணு. பதிவைத் தவிர்க்கத்தானே 11 மாசம்ங்கிறீங்க? தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில இருந்து புது வாடகைச் சட்டம் நடப்புல இருக்கு. அதுல வாடகை ஒப்பந்தத்தையே வாடகை அதிகாரிகிட்ட பதியணும். அந்தப் பழைய சாக்கு பாதி செத்துப் போச்சு.

தாமிரபரணி67:
ரெண்டு பேரும் சட்டம் பேசுறீங்க. எண்ணைப் போட்டுக் காட்டுங்க வே, அப்பத்தான் எங்களுக்கும் விளங்கும்.

பாளை ஆடிட்டர்:
14 கடைக்கும் சேர்த்து வருஷ வாடகை 10 கோடி, இன்னும் 9 வருஷம், வட்டி 9 சதம். கணக்கு எளிசா இருக்கட்டும்னு வருஷக் கடைசியில ஒரே தவணையா, ஏத்தம் இல்லாம வச்சுக்கிடுதேன். நிஜத்துல மாசம் 5-ம் தேதி கொடுக்கிறது, மூணு வருஷத்துக்கு 15 சதம் ஏத்துறது எல்லாத்தையும் சேர்க்கணும். ஏத்தம் முன்கூட்டியே எழுதியிருந்தா முதல் நாளே கணக்குல வந்துரும். விற்பனையில இத்தனை சதம்னு இருக்கிற வாடகை வராது. ஜிஎஸ்டியும் வராது.

வரப்போற ஒன்பது தவணையிலயும் அந்த 9 சத வட்டியைக் கழிச்சுப் பார்த்தா இன்றைய மதிப்பு 59.95 கோடி. இதுதான் லீஸ் கடன், இதுதான் பயன்பாட்டு உரிமைச் சொத்தும். தேய்மானம் வருஷத்துக்கு 6.66 கோடி. முதல் வருஷ வட்டி 5.40. ஆக, 10 கோடி வாடகை இருந்த இடத்துல 12.06 கோடி செலவு. அஞ்சாம் வருஷம் வரைக்கும் 10-க்கு மேலதான். ஆறாம் வருஷம் 9.58-க்கு இறங்கும். கடைசி வருஷம் 7.49. ஒன்பது வருஷத்தைக் கூட்டினா அதே 90 கோடி. அந்த மட்டுல அண்ணாச்சி சொன்னது சரிதான், பணம் மாறல.

தப்பு நடக்கிற இடம் வட்டி விகிதம். சிசி (கேஷ் கிரெடிட், அன்றாட வியாபாரக் கடன்) வட்டியைத் தூக்கிப் போட்டுருதாங்க. அது கூடாது. அதே காலத்துக்கு, அதே மாதிரி ஈட்டுக்கு கம்பெனி கடன் வாங்கினா என்ன வட்டியோ அதுதான். 8 சதம்னா 62.47 கோடி, 10 சதம்னா 57.59 கோடி. ஒரு சதம் அங்க இங்க போனா இரண்டரைக் கோடி ஆடுது.

ரதவீதி ராசா:
அட்வான்ஸை மறந்துட்டீங்களே! நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் இல்லாம எவன் கடை கொடுக்கான்? மாசம் 5 லட்சம் வாடகைன்னா 50 லட்சம் வட்டியில்லாம ஓனர்கிட்ட கிடக்கும். இண்ட் ஏஎஸ் 109 (நிதிக் கருவிகளுக்கான தரநிலை) படி அதை 50 லட்சமாவே காட்டக் கூடாது. அதே 9 சதம், 9 வருஷம்னு வச்சா இன்னைய மதிப்பு 23.02 லட்சம்தான். மீதி 26.98 லட்சம் முன்கூட்டிக் கொடுத்த வாடகை மாதிரி, உரிமைச் சொத்தோட சேரும். முதல் வருஷம் 2.07 லட்சம் வட்டி வருமானம், 3 லட்சம் தேய்மானம். அட்வான்ஸைப் பழைய தொகையிலயே விட்டுர்றதுதான் முதல் வருஷ ஆடிட்ல அதிகம் அடிபடுற இடம்.

வள்ளியூர் காத்து:
குறுக்கே ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கம்பெனிக்கு ராதாபுரம் பக்கம் காத்தாடியும் (காற்றாலை) இருக்கும். நிலக் குத்தகை, உற்பத்தியாகிற மின்சாரத்துல யூனிட்டுக்கு இவ்வளவுன்னா அது லீஸ் கடன்ல வராது, வருஷத்துக்கு இவ்வளவுன்னா வரும். குத்தகை முடிஞ்சா கோபுரத்தைக் கழட்டி நிலத்தைச் சமன் பண்ணித் தரணும்னு எழுதியிருந்தா அந்தச் செலவுக்கும் இன்னைய மதிப்புல ஒதுக்கீடு வேணும். கங்கைகொண்டான் சிப்காட் நிலம் 99 வருஷ லீஸ், பணம் முன்னாலயே கட்டியாச்சு. அங்க கடன் பெருசா வராது, சொத்து மட்டும் இடம் மாறும்.

ஜங்ஷன் கணக்கப்பிள்ளை:
எல்லாம் சரி. எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கிறதுக்கு முந்தின லாபம்) 10 கோடி கூடுதே, அது நல்லதுதானே? வருமான வரியிலயும் ஒண்ணும் போகல. கொடுத்த வாடகைக்குத்தான் கழிவு, இந்தத் தேய்மானத்துக்கு இல்ல. டிடிஎஸ்ஸும் பழையபடி. கணக்குல டிஃபர்ட் டாக்ஸ் (பின்னால வர்ற வரிக்கான பதிவு)னு ஒரு வரி கூடும், அவ்வளவுதான். நான் திரும்பவும் சொல்லுதேன், இது வெறும் காகித வேலை.

பாளை ஆடிட்டர்:
பேங்க்காரன் பார்க்கிறது அந்தக் காகிதத்தைத்தான் அண்ணாச்சி. இந்தக் கம்பெனிக்கு வெளிக்கடன் மொத்தம் 740 கோடி, டேன்ஜிபிள் நெட்வொர்த் (கண்ணுக்குத் தெரியாத இன்டேன்ஜிபிள் சொத்தைக் கழிச்ச நெட்வொர்த்) 255 கோடின்னு வைங்க. விகிதம் 2.90. பேங்க்கோட சாங்ஷன் லெட்டர்ல (கடன் அனுமதிக் கடிதத்துல) 3-க்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. லீஸ் கடன் 60 கோடி ஏறினதும் 800-க்கு 255, அதாவது 3.14. உரிமைச் சொத்தும் இன்டேன்ஜிபிள்தான்னு பேங்க் கழிச்சிருச்சுன்னா 800-க்கு 195, 4.10. வியாபாரத்துல ஒண்ணுமே நடக்கல, ஒரு பீரோ, ஒரு நாற்காலி கூட வாங்கல. ஆனா நிபந்தனை உடைஞ்சாச்சு. உடைஞ்சதால டேர்ம் லோனை உடனே திருப்பிக் கேக்கிற உரிமை பேங்க்குக்கு வந்துருச்சுன்னா, நீண்ட காலக் கடன் அப்படியே நடப்புக் கடனா மாறி கரண்ட் ரேஷியோவும் (நடப்புச் சொத்துக்கும் நடப்புக் கடனுக்கும் உள்ள விகிதம்) படுத்துரும்.

ரதவீதி ராசா:
எபிட்டா ஏறுறதும் சும்மா வித்தைதான். வாடகை அந்த வரிக்குக் கீழ இறங்கி தேய்மானமாவும் வட்டியாவும் உக்காந்துக்கிடுது. கேஷ் ஃப்ளோவுல லீஸ் அசல் ஃபைனான்சிங் பக்கம் போயிரும், தொழில்ல வர்ற பணம் கூடின மாதிரித் தெரியும். டிஎஸ்சிஆர் (கடன் தவணையைக் கட்ட வருமானம் போதுமான்னு பார்க்கிற விகிதம்) போடுறவன் லீஸ் தவணையைக் கீழ சேர்க்கலேன்னா விகிதம் பொய்யா நல்லாயிருக்கும்.

ஜங்ஷன் கணக்கப்பிள்ளை:
பேங்க் விகிதம் நான் யோசிக்கல, ஒத்துக்கிடுதேன். அதுக்கு வழி என்ன?

பாளை ஆடிட்டர்:
மார்ச் 31-க்கு முன்னாலயே பேங்க்ல போய், "இண்ட் ஏஎஸ் 116-னால வர்ற லீஸ் கடனையும் உரிமைச் சொத்தையும் விட்டுட்டு விகிதம் பார்க்கப்படும்"னு எழுத்துல வாங்குங்க. வாய்ப்பேச்சு செல்லாது. கூடவே பழைய முறை, புது முறை ரெண்டுலயும் விகிதம் போட்ட ஒத்தைத் தாளைக் கொடுங்க. மேனேஜருக்கு மேல ரீஜனல் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவரு அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாரு.

ஜங்ஷன் கணக்கப்பிள்ளை:
சரி, கடைக்கு 11 மாச வாதத்தை விட்டுருதேன். ஆனா குடோனுக்கு விடமாட்டேன். தச்சநல்லூர்ல தகரக் கொட்டகை, உள்ள மூட்டையைத் தவிர ஒரு ஆணிகூட கம்பெனியோடது இல்ல, பக்கத்துலயே நாலு குடோன் காலியா கிடக்கு. அங்க 11 மாசம் 11 மாசம்தான்.

பாளை ஆடிட்டர்:
அதுக்கு நான் எப்ப மறுத்தேன்? குடோன்களைத் தனி வகையா வச்சு, அந்த வகை முழுசுக்கும் விலக்கை எடுத்துக்கிடுங்க. ஒரு குடோனுக்கு எடுத்து இன்னொண்ணுக்கு விடக் கூடாது. அந்த வாடகையைக் குறிப்புல தனியாக் காட்டுங்க.