மறு: ஏஐ உதவியாளருக்கும் செய்திச் செயலிகளுக்கும் நடுவில் இருக்கும் நிரலுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஏஐ உதவியாளரைச் செய்திச் செயலிகளோடு இணைக்கும் நிரலுக்கு, அமைப்புத் திரையிலும் உதவிப் பக்கத்திலும் போட ஒரு தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. நுழைவாயில், பாலம், இணைப்பான், மையம், கேட்வே என்று பல சொற்கள் வந்திருக்கின்றன. சொல்லுக்குப் போகுமுன் பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம். ஆளுக்கொன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஏஐ உதவியாளர் ஓரிடத்தில் ஓடுகிறது. அது வீட்டுக் கணினியாக இருக்கலாம், வாடகைக்கு எடுத்த வழங்கியாக (சர்வர்) இருக்கலாம். டெலிகிராம், வாட்ஸ்அப், ஸ்லாக், டிஸ்கார்டு என்று எதிலிருந்து எழுதினாலும் அந்த ஒரே உதவியாளர் பதில் சொல்ல வேண்டும். இதில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு குணம். டெலிகிராமில் பாட்களை, அதாவது நிரல் இயக்கும் கணக்குகளை, பதிவுசெய்து தரும் பாட்ஃபாதரிடம் ஒரு டோக்கன் (அடையாளச் சாவி) வாங்கினால் போதும். செய்தி வந்திருக்கிறதா என்று நாமே போய்க் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது நம் முகவரியைக் கொடுத்து அங்கே அனுப்பச் சொல்லலாம். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் விடாது. டிஸ்கார்டுக்கு வெப்சாக்கெட் என்ற இருவழி இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஸ்லாக் ஒரு நிகழ்வை அனுப்பி 3 விநாடிக்குள் ‘கிடைத்தது’ என்ற பதில் வராவிட்டால் அதையே மறுபடி அனுப்பும். உதவியாளருக்குள் இருந்து விடையை எழுதும் மொழி மாதிரியோ (லாங்வேஜ் மாடல்) யோசித்து எழுதி முடிக்கவே அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் ‘கிடைத்தது’ என்று சொல்லி ஸ்லாக்கை அமைதிப்படுத்திவிட்டு, விடையை அப்புறம் தனியாக அனுப்ப வேண்டும். இதைக் கவனிக்காமல் எழுதிய நிரலில் ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று விடை போய்க்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பின் வணிகச் சேவையில் வேறு சிக்கல். எதிரில் இருப்பவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் விரும்பியதை எழுதலாம். அதற்குப் பிறகு முன்பே ஒப்புதல் வாங்கிய வார்ப்புருச் செய்திதான் போகும். ‘திங்கட்கிழமை காலை நினைவூட்டு’ என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு நடுவில் ஒன்றும் எழுதாமல் இருந்தால், உதவியாளர் நினைவில் வைத்திருந்தும் சாதாரணச் செய்தியாக அனுப்ப முடியாது.

எழுத்தலங்காரமும் இப்படித்தான். உதவியாளர் தன் வழக்கப்படி இரண்டு உடுக்குறி (**) போட்டுத் தடித்த எழுத்து எழுதும். டிஸ்கார்டில் அது சரியாக வரும். வாட்ஸ்அப்பிலும் ஸ்லாக்கிலும் தடித்த எழுத்துக்கு ஒற்றை உடுக்குறி. யாராவது நடுவில் மாற்றிக் கொடுத்தாக வேண்டும். நீளத்துக்கும் வரம்பு உண்டு: டிஸ்கார்டில் பாட்களுக்கு ஒரு செய்தி 2000 எழுத்துக்குறி, டெலிகிராமில் 4096. நம் மொழிக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது. ‘கி’ நமக்கு ஓரெழுத்து, யூனிகோடுக்கு இரண்டு குறிகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டும் நிரல் ககரத்துக்கும் கொக்கிக்கும் நடுவிலேயே கத்தியை வைத்துவிடும். அடுத்த செய்தி, புள்ளிவட்டத்தில் ஒட்டிய வெறும் கொக்கியோடு தொடங்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது.

ஆக, இந்த நிரல் செய்தியை வாங்குகிறது, வந்தவர் யார் என்று பார்க்கிறது, உள்ளே உதவியாளருக்குப் புரியும் வடிவில் கொடுக்கிறது, விடையை அந்தந்த இடத்து வழக்கப்படி மாற்றி வெளியே சேர்க்கிறது. இதை வைத்துக்கொண்டு சொற்களைப் பார்ப்போம்.

> ‘பாலம்’ என்றே விட்டுவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

பாலத்தை வேறொரு வேலைக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை வலையமைப்பின் உலகில் பாலம் என்பது இரண்டு அரட்டை வலையமைப்புகளை இணைப்பது. இங்கே ஓர் அறை, அங்கே ஓர் அறை, இரண்டு கரையிலும் மனிதர்கள். ஒருவர் ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையில் எழுதியதை இன்னொருவர் மேட்ரிக்ஸில் படிப்பார். நம் நிரலில் ஒரு கரையில் மொழி மாதிரி இருக்கிறது; டெலிகிராமில் எழுதியவரும் ஸ்லாக்கில் எழுதியவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை, பார்க்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், உதவியாளரைப் பாலத்தின் வழியாக ஓர் அறையில் சேர்க்கும் அமைப்பை விளக்கும்போது மாட்டிக்கொள்வோம். அப்படி அமைப்பவர்களும் இருக்கிறார்கள்.

> நுழைவாயில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இருக்கிறது, பணம் செலுத்தும் பக்கங்களில் எல்லாரும் பார்த்ததுதான். ‘நுழை’ என்ற முன்னொட்டுதான் எனக்கு உறுத்துகிறது. விடை வெளியே போவதுதான் இந்த நிரலுக்குக் கடினமான பாதி. பாதி வேலையைப் பெயரிலேயே விட்டுவிடுவானேன்? ‘நுழை’யை எடுத்துவிட்டு ‘வாயில்’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

அகத்திணையில் வாயில் என்றால் தூது செல்பவர். ஊடலில் இருக்கும் தலைவிக்கும் வெளியே நிற்கும் தலைவனுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோகிறவர்கள் வாயில்கள். தொல்காப்பியம் கற்பியலில் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கி விருந்தினர், கூத்தர், அறிவர், கண்டோர் வரை பன்னிருவரைப் பட்டியலிடுகிறது. ஒரே சொல் கதவுக்கும் தூதருக்கும் பெயர். நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் அதிலேயே இருக்கின்றன. பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறது: ‘இணையதளம் வாயிலாக விண்ணப்பிக்கலாம்’ என்று அரசு அறிவிப்பு வருகிறது, ‘மின்னஞ்சல் வாயிலாகத் தெரிவிக்கவும்’ என்று எழுதுகிறோம். ‘வாட்ஸ்அப் வாயிலாக உதவியாளரிடம் கேட்கலாம்’ என்று எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

இதைவிட எனக்குப் பிடித்தது, கூடவே இலவசமாகக் கிடைக்கும் துணைச்சொற்கள். டெலிகிராமில் ஒரு பாட் கணக்கின் பயனர்பெயர் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதற்கு எழுதலாம். உள்ளே இருக்கும் உதவியாளரோ நம் கோப்புகளைத் திறக்கும், நாட்காட்டியைத் திருத்தும், சில அமைப்புகளில் கட்டளைகளையும் இயக்கும். அதனால் தெரியாத ஆளின் செய்தியை உள்ளே விடக்கூடாது. அனுமதிப் பட்டியல் வேண்டும், புதிதாக வருபவரை உரிமையாளர் ஒருமுறை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அகத்திணையில் துறைப்பெயர்களே இருக்கின்றன: தூதை ஏற்றால் வாயில் நேர்தல், திருப்பி அனுப்பினால் வாயில் மறுத்தல். அமைப்புத் திரையில் ‘நேர்தல்’ என்று போட்டால் புரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ‘ஏற்பு’, ‘மறுப்பு’ போதும்.

> வாயில் என்றால் வாய்க்குள் என்றும் படிக்கலாமே!

படிக்கலாம். பதிவுக்கோப்பில் ‘வாயில் பிழை’ என்று வந்தால் பல் மருத்துவரிடம்தான் போகத் தோன்றும். ‘செய்தி வாயில் நின்றுவிட்டது’ இன்னும் மோசம். ‘வாயிலில்’, ‘வாயிலுக்கு’, ‘வாயிலை’ என்று வேற்றுமை ஏறிவிட்டால் குழப்பமில்லை. மொட்டையாக நிற்கும்போதுதான் தொல்லை. இதனால்தான் ஒரு நண்பர் ‘வாசல்’ என்று சொன்னார். அதுவும் வாயிலின் பேச்சு வடிவம்தான், காதுக்கு இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் ‘வாசலாக’ என்று யாரும் எழுதுவதில்லை, தூதர் என்ற பொருளும் அதில் நினைவுக்கு வராது. எனவே இடைவெளி விடாமல் சேர்த்து எழுதும் ‘செய்திவாயில்’ என்பதே என் முன்மொழிவு. ‘செய்திவாயில் பிழை’, ‘செய்திவாயிலை மறுதொடக்கம் செய்’, ‘செய்திவாயில் ஓடவில்லை’: மூன்றையும் உரக்கப் படித்துப் பார்த்தேன், தடுக்கவில்லை. எழுத்துப்பிழை திருத்திகள் நடுவில் இடைவெளி போடச் சொல்லி அடம் பிடிக்கலாம். ‘செய்தி வாயில்’ ஆகிவிட்டால் மறுபடி பல் மருத்துவர்.

> நிரலர்கள் எல்லாரும் கேட்வே என்றுதான் பேசுகிறார்கள்.

பேசட்டும், நானும் அப்படித்தான் பேசுகிறேன். நிரலுக்குள் இருக்கும் பெயரையும் கட்டளையையும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. அமைப்புத் திரையையும் உதவிப் பக்கத்தையும் படிப்பவருக்காகத்தான் சொல் தேடுகிறோம். நடுவில் நிற்கும் இந்த வகை நிரலுக்கு ஆங்கிலத்திலும் ஒரே பெயர் நிலைத்துவிடவில்லை. 1999இல் வந்த ஜாபர் என்ற அரட்டை அமைப்பில் பிற அரட்டை வலையமைப்புகளை இணைத்ததை டிரான்ஸ்போர்ட் என்றும் கேட்வே என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பிட்ஜின் போன்ற அரட்டை மென்பொருளில் அந்த வேலையைச் செருகுநிரல் செய்தது.

மையம், இணைப்பான் இரண்டைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மையம் எதற்கும் பொருந்தும், அதனால் எதையும் குறிக்காது. இணைப்பான் மின்கம்பி வேலைக்கே இருக்கட்டும்.

செய்திவாயிலுக்குள் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக இருக்கும் நிரல்துண்டுக்குத் ‘தகவி’ (ஆங்கிலத்தில் அடாப்டர்) சரியாக இருக்கும்: டெலிகிராம் தகவி, ஸ்லாக் தகவி. உடுக்குறியை மாற்றுவதும் நீளத்தை வெட்டுவதும் அதன் வேலை. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

முடியாமல் நிற்பது ஒன்று. ஒரே ஆள் காலையில் வாட்ஸ்அப்பிலும் மாலையில் டெலிகிராமிலும் எழுதினால் உதவியாளருக்கு அவர் இரண்டு பேர். இரண்டு கணக்கும் ஒருவருடையதே என்று சொல்லிவைத்தால்தான் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படிச் சொல்லிவைக்கும் செயலுக்கு என்ன பெயர்? ‘கணக்கு இணைப்பு’ என்றால் வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது போல் ஒலிக்கிறது. ‘ஆள் பொருத்தம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஜாதகக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். இதற்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பில் செய்திவாயில், தகவி இரண்டையும் இட்டுவிட்டேன். இந்த வரியை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன்.