தொடக்கத்திலேயே 12 டென்ஸ் தேவையா?

வைகைக்கரை:
"12 டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் ஆங்கிலம் வராது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆங்கில வினைக்கு இரண்டே காலம்: கோ, வென்ட். எதிர்காலத்துக்குத் தனி வடிவமே கிடையாது. 'வில்' வெறும் துணைவினை, 'கேன்', 'மே' மாதிரி.

பழைய வாத்தியார்:
எதிர்காலம் இல்லையா? அப்படியானால் 'ஐ வில் கோ டுமாரோ' என்ன காலம் தம்பி? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் சிம்பிள் ஃபியூச்சர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. என் சர்வீஸ் முழுக்க அதைத்தான் நடத்தினேன்.

வைகைக்கரை:
சார், இலக்கணம் அந்தப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. 1985-ல் மொழியியலாளர் குவெர்க்கும் மற்ற மூவரும் எழுதிய பெரிய ஆங்கில இலக்கணத்தைப் பாருங்கள், அதிலும் இரண்டே காலம்தான். 'தி டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ': ரயில் நாளைக்கு, வினை நிகழ்காலம். கதவு தட்டினால் 'தட் வில் பி தி போஸ்ட்மேன்' என்கிறார்கள். வில் இருக்கிறது, ஆள் இப்போதே வாசலில் நிற்கிறார்.

பூங்குழலி:
தமிழிலும் 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்', 'தாத்தா தினமும் நடப்பார்' என்கிறோமே. அதற்காகத் தமிழுக்கு எதிர்காலம் இல்லை என்பீர்களா?

வைகைக்கரை:
'நடப்பார்' என்பதற்குள்ளேயே எதிர்கால இடைநிலை 'ப்' இருக்கிறது. ஆங்கில வினைக்குள் அப்படி ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்.

பழைய வாத்தியார்:
மறுபடியும் கேட்கிறேன். 'ஐ வில் கோ' என்ன காலம்?

மலைக்கோட்டை:
பரீட்சையில் 'எதிர்காலம் கிடையாது' என்று பையன் எழுதினால் மார்க் நீங்களா போடுவீர்கள்? தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு அட்டவணைதான் கைகொடுத்தது. கான்வென்ட் ஆட்களுக்கு அது புரியாது.

வைகைக்கரை:
யாரைக் கான்வென்ட் என்கிறீர்கள்? நானும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம்தான். அட்டவணையைத் தலைகீழாக ஒப்பித்தவர்கள் வாயைத் திறந்தால் 'ஹி டோன்ட் நோ' என்றார்கள். முதலில் 'ஹி கோஸ்' என்பதில் அந்த எஸ் விடாமல் வரவேண்டும். அப்புறம் 'டிட் யூ வென்ட்' போய் 'டிட் யூ கோ' வரவேண்டும். 'வில் ஹேவ் பீன் கோயிங்' முதல் மாதத்தில் யாருக்கு வேண்டும்?

பூங்குழலி:
போன வாரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு விளம்பரம் போட்டீர்களே, அதற்குத்தானா இவ்வளவும்?

வைகைக்கரை:
அது இலவச வகுப்பு! விளம்பரம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்.

பழைய வாத்தியார்:
வகுப்பு கிடக்கட்டும். என் கேள்விக்குப் பதில்?

வைகைக்கரை:
சொல்லியாயிற்று சார். வில் துணைவினை, கோ மாறவே இல்லை. எத்தனை தடவை சொல்வது?

பூங்குழலி:
இலவசம் என்றால் நோட்ஸுக்கு 200 ரூபாய் எதற்கு?