மறு: ரோலர் ஹாக்கிக்குத் தமிழ்ச்சொல் – பந்தாட்டமா, வட்டாட்டமா?

வணக்கம்.

ஐயா, நம் கலைக்களஞ்சியக் கட்டுரைக்காக, சக்கரக் காலணியில் ஆடும் ரோலர் ஹாக்கிக்கு "உருளை வளைகோல் பந்தாட்டம்" என்று நீங்கள் தந்த பரிந்துரையைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் நாம் எழுதுவது 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல் என்ற தொழில்முறை லீக்கைப் பற்றி. அந்தக் கட்டுரையில் இந்தச் சொல் இரண்டு இடத்தில் இடறுகிறது.

முதல் இடறல், பந்து. அந்த ஆட்டத்தில் பந்தே கிடையாது. பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் இருப்பது கறுப்பு ரப்பர் வட்டு. பனியில் அது வழுக்கிக்கொண்டு போகும். அதையே பிளாஸ்டிக் ஓடு பதித்த தரையில் அடித்தால் துள்ளும், விளிம்பில் நிமிர்ந்து சக்கரம் மாதிரி உருண்டு ஓடும். அதனால்தான் இலேசான பிளாஸ்டிக்கில், தரையில் படுகிற முகத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வைத்துத் தனியாக ஒரு வட்டு செய்தார்கள். இவ்வளவையும் கட்டுரைக்குள் விளக்கிவிட்டுத் தலைப்பில் பந்தாட்டம் என்று போட எனக்கு மனம் வரவில்லை.

வட்டு நமக்குப் புதிய சொல் இல்லை. வட்டெறிதல், குறுவட்டு எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்ற குறளில் (401) வட்டாடுதல் என்பது கட்டம் கீறி ஆடும் வேறு ஆட்டம், அதோடு குழம்பாதா என்று நண்பர் கேட்டிருந்தார். முன்னால் 'வளைகோல்' இருப்பதால் குழம்பாது. அப்புறம், வட்டும் அரங்கும் ஒரே வரியில் கிடைப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆடுகளத்துக்கு அரங்கு என்றே எழுதலாம்.

இரண்டாவது இடறல், உருளை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ரோலர் ஹாக்கி காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அங்கே பந்துதான், காலில் பழைய வகைச் சக்கரம். மறு ஆண்டே அமெரிக்க லீக் அதே ரோலர் ஹாக்கி என்ற பெயரோடு வருகிறது, ஆனால் காலில் இன்லைன் (சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த காலணி), தரையில் வட்டு. இரண்டையும் 'உருளை' என்றால் படிப்பவர் தடுமாறுவார்.

பழைய வகைக்கு 'நாற்சக்கரம்' என்ற யோசனையும் வந்தது. பக்கத்து வீட்டில் அக்கா, தம்பி இரண்டு பேரும் ஸ்கேட்டிங் பயிற்சிக்குப் போகிறார்கள். நேற்று இருவருடைய காலணியையும் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். தம்பியுடையதில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அக்காவுடையது இன்லைன், அதிலும் நான்கு சக்கரம், ஒன்றன்பின் ஒன்றாக! எண்ணிக்கை உதவாது, அமைப்புதான் உதவும். எனவே பழையது இணைச்சக்கரம். புதியதற்கு முதலில் 'வரிச்சக்கரம்' என்று எழுதிப் பார்த்தேன், வருமான வரிதான் நினைவுக்கு வந்தது. நிரைச்சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக் கணக்கில் அணிக்கோவை படித்த எல்லோருக்கும் நிரை தெரியும்.

இன்லைனுக்கு ரோலர்பிளேடு என்ற பெயர் வேண்டவே வேண்டாம். அது ஒரு நிறுவனத்தின் பெயர். மினியாப்பொலிஸில் ஓல்சன் சகோதரர்கள், பனி இல்லாத மாதங்களிலும் ஹாக்கிக்காரர்கள் பயிற்சி செய்யட்டும் என்று கொண்டுவந்தது. ஜெராக்ஸ் போல அதுவும் பொதுப்பெயராகப் புழங்குகிறது. கலைக்களஞ்சியக் கட்டுரையில் நாமும் அப்படி எழுதக் கூடாது. 'லீக்' என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், லீக்காகவே இருக்கட்டும்.

முதல் பத்தியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்:

"ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல், நிரைச்சக்கர வளைகோல் வட்டாட்டத்துக்கான தொழில்முறை லீக்காக இருந்தது. டென்னிஸ் மர்ஃபி உள்ளிட்டோர் நிறுவிய இது 1993 கோடையில் 12 அணிகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டே அணிகள் 24 ஆயின. அரங்கில் ஓர் அணிக்கு நான்கு ஆட்டக்காரர்களும் ஒரு கோல்காப்பாளரும் இறங்கினர். பனித்தள வட்டாட்டத்தைவிட இது ஓர் ஆள் குறைவு. முதல் கோப்பையை ஆனஹைம் புல்ஃபிராக்ஸ் வென்றது."

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'நிரைச்சக்கர வளைகோல் வட்டாட்டம்' நீளம்தான், ஆனால் ஒரு முறை சொன்னால் போதும், பிறகு வட்டாட்டம் என்றே ஓடுகிறது. அரங்கைச் சுற்றி நிற்கும் தடுப்புப் பலகைக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.