வாடைக்காற்றுக்குக் கோழிக்கூட்டை முழுவதுமாக மூடலாமா?

கேள்வி (நிலாவெளி):
வணக்கம். எங்கள் வளவில் பத்து ஊர்ப்பேடுகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. கூட்டுக்குத் தகரக் கூரை. நான்கு பக்கமும் கம்பிவலை. மழையோடு வாடைக்காற்றும் தொடங்கியபின், அவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டி ஒடுங்கி நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல், கூரையிலிருந்து நிலம்வரை தறப்பாளால் சுற்றிக் கட்டினேன். 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிரில் நமது கிழக்கு மாகாணத்தில் மாடுகளும் ஆடுகளும் இறந்த பயம் இன்னும் போகவில்லை. ஆனால் நான்கு நாட்களாக, விடியற்காலையில் கூட்டைத் திறந்தால் மூக்கை அரிக்கும் நெடி வருகிறது. இரண்டு பேடுகள் தும்முகின்றன. தறப்பாளை அவிழ்த்தால் குளிரில் செத்துவிடுமோ?

பதில் (தம்பலகாமம்):
தம்பி, இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். இறகுகளுக்கிடையே அது பிடித்துவைத்திருக்கும் காற்றே அதற்குப் போர்வை. நனையாத கோழிக்கு நமது ஊரின் மார்கழி இரவு பெரிய குளிரல்ல. இறகு நனைந்தாலோ, நேரே வீசும் காற்று இறகைப் பிரித்தாலோதான் அந்தப் போர்வை போய்விடும். அந்த நெடி, ஈர எச்சத்திலிருந்து எழும் அமோனியா. வெளியேற வழியில்லாமல் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கிறது.

வாடை வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும், கோழி அடையும் கம்புக்கு ஒரு முழம் மேல்வரை மறையுங்கள். கூரைக்குக் கீழே ஒரு சாணாவது சுற்றிவரத் திறந்திருக்கட்டும். மறைப்புக்குத் தறப்பாளைவிடக் கிடுகையே நான் விரும்புவேன், காற்றின் வேகத்தை உடைக்கும், ஈரத்தை அடைத்துவைக்காது. தரையில் நான்கு அங்குலத்துக்கு உமி போடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் மாற்றவேண்டும்.

கேள்வி (நிலாவெளி):
மிக்க நன்றி, அண்ணா. இரவில் மின்குமிழ் எரிக்கவேண்டுமா?

பதில் (உப்புவெளி):
வளர்ந்த கோழிக்கு வேண்டாம். கிடுகும் உமியும் உள்ள கூட்டில் சூடான குமிழ் தீயை அழைப்பதாகும். குஞ்சுகளுக்குத்தான் அது தேவை: முதல் வாரம் 32 முதல் 35 பாகை, பின்னர் வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துவரலாம். குமிழடியில் குவிந்தால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு கூடிவிட்டது என்று குஞ்சுகளே காட்டிவிடும். இரவில் செரித்து உடலைச் சூடாக்க, பெரியவற்றுக்கு மாலையில் ஒரு கை சோளம் போடுங்கள். தும்மும் இரண்டையும் வேறாக்கி வையுங்கள். அம்மைநோயும் கழிச்சலும் பரவும் காலமாகையால், கண்ணில் நீர் வடிந்தாலோ, தீன் எடுக்காவிட்டாலோ, கடை மருந்தை ஊற்றாமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர், ஆறு நாட்களின் பின்:
கிடுகு கட்டியபின், ஊதுபத்தி ஒன்றைக் கம்பின் உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். புகை பக்கவாட்டில் சாயாமல் மெல்ல எழுந்து கூரையடி இடைவெளியால் வெளியேறியது. நெடி இல்லை. ஒரு பேட்டின் தும்மல் நின்றுவிட்டது, மற்றதை நாளை வைத்தியரிடம் கொண்டுபோகிறேன். தென்மேற்கு மூலையில் தகரம் ஒழுகி உமி நனைகிறது. மழை விட்டதும் அதையும் மாற்றவேண்டும்.