உதவி தேவை: தாத்தாவோட தாத்தா தாசில்தார், ஆனா எந்த லிஸ்ட்லயும் பேரு இல்ல

கார்த்தி_2231 (காலை 7:12)
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்க தாத்தாவோட தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல தாசில்தாரா இருந்தவர்னு வீட்ல சொல்லுவாங்க. ஊர் எல்லையில அவர் கட்டுன தண்ணிப்பந்தல் மண்டபம் இருக்கு, தூண்ல அவர் பேரு, பக்கத்துல "தாசில்", அப்புறம் 1056, விக்ரம வருஷம் தை மாசம்னு வெட்டியிருக்கு. அடுத்த மாசம் ரோட்ட அகலப்படுத்த அத இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள இவர் யாரு, அப்பா யாரு, எங்கெல்லாம் வேலை பாத்தார்னு ஆதாரத்தோட எழுதிக் குடுக்கணும். பழைய கெஜட் ஸ்கேன் ஆன்லைன்ல இருக்கறத ரெண்டு வாரமா பாத்துட்டேன், எங்க மாவட்டத்துல அவர் பேரே இல்ல. எங்க தேடறது?

பழையதாள் (7:40)
எந்த மாவட்டம், எந்த தாலுகா? எந்த வருஷ கெஜட்ட பாத்தீங்க? பேரு என்ன? கிறிஸ்தவக் குடும்பம்னா சர்ச்ல ஞானஸ்நான ரெஜிஸ்டர் இருக்கும், இந்துக் குடும்பம்னா வழியே வேற. இதெல்லாம் சொல்லாம எப்படி தம்பி தேடறது?

வேல்_வேல் (7:58)
1056ன்னா சோழர் காலம் ப்ரோ. அப்ப தாசில்தாரே கிடையாது. கல்லு வேற யாரோடதோ.

மேகலா_தென்காசி (8:05)
டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பாருங்க, எங்க சித்தி பொண்ணு எடுத்தா, மலேசியாவுல இருக்கற சொந்தமெல்லாம் கெடச்சது.

பழையதாள் (8:09)
அக்கா, டிஎன்ஏ சொந்தக்காரங்கள காட்டும், 140 வருஷத்துக்கு முன்னாடி யாரு என்ன உத்தியோகம் பாத்தாங்கன்னு காட்டாது.

கச்சேரி_சாமி (8:31)
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. நான் போட்ட பழைய இழைகள ஒருத்தரும் படிக்கறதில்ல. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, "தாசில்"னு வெட்டியிருந்தா அவர் தாசில்தார்னு அர்த்தமில்ல. தாசில் கச்சேரியில (ஆபீஸ்ல) சிரஸ்தார் (தலைமைக் குமாஸ்தா) இருந்தார், குமாஸ்தா இருந்தார், சேவகன் இருந்தான், எல்லாரையும் ஊர்க்காரங்க "தாசில் வீட்டுக்காரர்"னுதான் சொன்னாங்க. மூணு தலைமுறை தாண்டுனா குமாஸ்தா தாசில்தார் ஆயிடுவார், தாசில்தார் கலெக்டர் ஆயிடுவார். உங்க ஆளு பெரும்பாலும் தாலுகா சிரஸ்தார், அதான் பேரு வரல. இருபது வருஷமா இந்தத் தாள்களோட கெடக்கறவன் சொல்றேன்.

கார்த்தி_2231 (8:50)
சார் வீட்ல ஒரு போட்டோ கூட இல்ல, ஆனா தாசில்தார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கலெக்டரோட சண்ட போட்டு வேலைய விட்டுட்டு வந்தார்னும் சொல்லுவாங்க. பேர பொதுவுல போட வேணாம்னு சித்தப்பா சொல்றார், பழையதாள் சாருக்கு தனியா அனுப்பிட்டேன். முருகன் பேருதான், பின்னாடி பிள்ளை. நாங்க இந்துக்கள். ஆபீசுக்கு கெளம்பறேன், சாயந்தரம் வர்றேன்.

பழையதாள் (8:56)
தம்பி மாவட்டம்??

கல்தச்சன் (10:20)
1056 சோழர் காலமும் இல்ல, சக வருஷமும் இல்ல, கொல்லம் ஆண்டு (மலையாள வருஷக் கணக்கு). தெக்கத்திப் பக்கம் கல்வெட்டுலயும் பத்திரத்துலயும் கொல்லம் போடுறது வழக்கம். தை மாசம்னா 825 கூட்டணும், 1881 ஜனவரி வருது. 1880 சித்திரையில பொறந்தது விக்ரம வருஷம், அதோட தை 1881 ஜனவரியில. ரெண்டும் கச்சிதமா ஒத்துப்போகுது. அப்ப கார்த்தி ஊரு நெல்லைப் பக்கம்தான் இருக்கணும்.

இரணியல்_ராசு (10:47)
விக்ரம வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்கா வரும், 1820லயும் வந்துச்சு. 1820ன்னா கதையே வேற. 1816 சட்டத்துக்கப்புறம் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் கையில. வரி கட்டாதவனுக்கு கிட்டி போடறது (கட்டைக்கு நடுவுல வெரல நசுக்கறது), அண்ணாந்தாள் கட்டறது (குனியவச்சுக் கட்டிப்போடறது), வெயில்ல நிக்கவைக்கறது, இதுக்குன்னே 1854ல சென்னை சித்திரவதைக் கமிஷன் உக்காந்துச்சு. தாத்தா தண்ணிப்பந்தல் வச்சத மட்டும் பெருமையா எழுதாம அதையும் எழுதணும்.

நெல்லை_மணி (11:15)
யாரோ ஒருத்தரோட தாத்தாவப் பத்தி எதுவுமே தெரியாம கிட்டி போட்டார்னு எழுதறது நியாயமா? அந்தப் புள்ள மண்டபத்தக் காப்பாத்த வந்திருக்கு.

இரணியல்_ராசு (11:22)
அவர் போட்டார்னு நான் சொல்லல. அந்த உத்தியோகம் அப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். அடி வாங்குனவனோட பேரனும் இங்க இருக்கான், எங்க குடும்பத்துக் கதையில தாசில்தார் வந்தா மாட்ட அவுத்துட்டுப் போவாங்கன்னுதான் வருது. தாசில்தார் வம்சத்துக்கு மட்டும் கல்லு நிக்குது, எங்களுக்கு கல்லு ஏது?

நெல்லை_மணி (11:30)
அது சரி அண்ணே, அத மறுக்கல. ஆனா இழை அதப்பத்தி இல்லல்ல.

கல்தச்சன் (11:41)
ரெண்டு பேரும் நிறுத்துங்க, கணக்க பாருங்க. 1821 தைன்னா கொல்லம் 996. கல்லுல 1056. அதனால 1881தான். போலீஸ தாசில்தார்கிட்டருந்து பிரிச்சது 1859 போலீஸ் சட்டத்துல. இந்த ஆளு உத்தியோகத்துல இருந்தது அதுக்கப்புறம்.

இரணியல்_ராசு (11:55)
கொல்லம் கணக்க ஏத்துக்கறேன். மத்தத ஏத்துக்கல.

கச்சேரி_சாமி (12:10)
1881ஓ 1821ஓ, சிரஸ்தார் சிரஸ்தார்தான்.

கார்த்தி_2231 (மாலை 6:44)
மன்னிக்கணும், மாவட்டம் சொன்னேன்னே நெனச்சேன். விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். 1985க்கு முன்னாடி ராமநாதபுரம் மாவட்டம்ங்கறதால ராமநாதபுரம்னு தேடுனேன், அப்புறம் மதுரைன்னு தேடுனேன், ரெண்டுலயும் இல்ல.

பழையதாள் (6:52)
அட தம்பி, இத காலையிலயே சொல்லியிருந்தா! ராமநாதபுரம் மாவட்டம் உருவானதே 1910ல. அதுக்கு முன்னாடி ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் ரெண்டு தாலுகாவும் திருநெல்வேலி மாவட்டம். நீங்க ரெண்டு வாரமா தப்பான மாவட்டத்துல தேடியிருக்கீங்க. "டின்னவெல்லி"ங்கற பக்கத்தப் பாருங்க, திருநெல்வேலிய வெள்ளைக்காரன் அப்படித்தான் எழுதுவான். 1875லருந்து 1885 வரைக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்ல (அன்னிக்கு சென்னை அரசாங்கத்தோட கெஜட்) நியமனம், மாறுதல், லீவு மூணையும் பாருங்க. அசைலம் பிரஸ் பஞ்சாங்கம்னு வருஷா வருஷம் வந்த டைரக்டரியில மாவட்டவாரியா அதிகாரிங்க பேரு இருக்கும். பிள்ளைங்கறத அவங்க நாலு விதமா எழுதுவாங்க, பேரோட முதலெழுத்த மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. முன்னாடி வர்ற இனிஷியல நம்பாதீங்க, சில சமயம் அது ஊர் பேரு.

இன்னொண்ணு, கலெக்டரோட சண்டன்னு சொல்றீங்கல்ல, அது உண்மைன்னா வருவாய் வாரியத்தோட நடவடிக்கைத் தொகுதியில வந்திருக்க வாய்ப்பிருக்கு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கு, வருஷத்துக்கு வருஷம் அட்டவணை உண்டு. அடையாள அட்டையும் ஒரு விண்ணப்பமும் எடுத்துட்டுப் போங்க.

கல்தச்சன் (7:05)
ஆவணத்த விட கல்லுதான் இப்ப அவசரம். நாளைக்கே வெயில் சாயற நேரத்துல பக்கவாட்டு வெளிச்சத்துல போட்டோ எடுங்க, ஒவ்வொரு வரியா, பக்கத்துல ஸ்கேல் வச்சு. கல்வெட்டு ஆர்வலர் யாராவது இருந்தா மைப்படி (கல்லு மேல தாள ஒட்டி மை ஒத்தி எடுக்கற நகல்) எடுக்கச் சொல்லுங்க. தூண் இருக்கற எடத்தையும் தூரமா நின்னு எடுங்க. சுண்ணாம்பு, எண்ணெய்னு எதையும் தடவாதீங்க, இருக்கற எழுத்தும் போயிடும்.

வைகை_லட்சுமி (8:30)
ஒரு எச்சரிக்கை சொல்றேன் தம்பி, எங்க வீட்ல நடந்தது. நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பேரத்தான் வைப்பாங்க. அதனால ஒரே பேரு ஒண்ணுவிட்டு ஒண்ணு வந்துகிட்டே இருக்கும். 1860ல அந்தப் பேரப் பாத்ததும் "கெடச்சிட்டார்"னு குதிச்சிடாதீங்க, அது அவரோட தாத்தாவாவும் இருக்கலாம். நான் ரெண்டு பேர ஒருத்தராக்கி 90 வயசு வரைக்கும் வேலை பாக்க வச்சிட்டேன், திருத்த ஒரு வருஷம் ஆச்சு.

தண்ணிப்பந்தலுக்குன்னு தர்ம இனாம் நெலம் (தர்மத்துக்காக வரி இல்லாமலோ கொறைச்சோ விட்ட நெலம்) இருந்துச்சான்னு கேளுங்க. இருந்தா 1858க்கப்புறம் இனாம் கமிஷன் எழுதுன இனாம் ஃபேர் ரெஜிஸ்டர்ல அந்த ஊர் பக்கத்த எடுங்க. அதுல முதல்ல வாங்குனவர் பேரு, அன்னிக்கு அனுபவிச்சவர் பேரு, அவரோட வயசு, முன்னவருக்கு இவர் என்ன ஒறவு, எல்லாத்துக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். எங்களுக்கு வம்சாவளி கெடச்சதே அதுலதான். வீட்ல பழைய பத்திரம் இருந்தா இனாம் பட்டய எண் தேடுங்க.

பொம்பளைங்க பேரு மட்டும் இதுல பெரும்பாலும் வராது. அதுக்கு செட்டில்மென்ட் பத்திரம், உயில், கோர்ட் வழக்கு. 1865லருந்து பதிவான பத்திரத்துல தேடலாம். கயாவுக்கு யாராவது போயிருந்தா அங்க பண்டா (தீர்த்தப் புரோகிதர்) ஏட்டுல எழுதியிருப்பாங்க.

கச்சேரி_சாமி (8:48)
இனாம் ரெஜிஸ்டர நானும் சொல்லத்தான் இருந்தேன்.

மேகலா_தென்காசி (9:02)
1881ன்னா தாது வருஷத்துப் பஞ்சம் முடிஞ்சு கொஞ்ச வருஷம்தான். எங்க பாட்டி அந்தப் பஞ்சத்தப் பத்தி அவங்க பாட்டி சொன்னதச் சொல்லுவாங்க. அதப் பாத்துட்டுத்தான் தண்ணிப்பந்தல் வச்சாரோ என்னவோ.

பழையதாள் (9:10)
இருக்கலாம் அக்கா. ஆனா கல்லுல எழுதலன்னா ஆதாரம்னு குடுக்க முடியாது.

பழையதாள் (9 நாள் கழிச்சு)
கார்த்தி தம்பி, என்னாச்சு?

கார்த்தி_2231 (16 நாள் கழிச்சு, இரவு 11:20)
அலைச்சல்ல எழுத முடியல, எல்லாருக்கும் நன்றி. டின்னவெல்லின்னு தேடுனதும் முதல் நாளே வந்துட்டார், தாசில்தார்னே போட்டிருக்கு, மாறுதல் ஒண்ணு, லீவு ஒண்ணு. இனாம் ரெஜிஸ்டர் நகல் கெடச்சது, லட்சுமி அக்கா சொன்ன மாதிரியே அதே பேரு, ஆனா வயசு 64, இவர் இல்ல, இவரோட தாத்தா. நடுவுல அப்பா பேரும் ஒறவுக் கட்டத்துல இருக்கு, எங்க வீட்ல யாருக்கும் தெரியாத பேரு. சித்தப்பா அந்தப் பேர ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னார். மைப்படி எடுத்தாச்சு. மனு குடுத்திருக்கேன், இன்னும் பதில் இல்ல. சண்ட போட்டாரான்னு தெரியல, எழும்பூர் போகணும்.

கச்சேரி_சாமி (11:34)
எந்த வருஷ கெஜட், எந்தப் பக்கம்? அத போடாம எப்படி நம்பறது?

வைகை_லட்சுமி (11:41)
தம்பி, அந்தக் கட்டத்துல அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களான்னும் பாருங்க.

இரணியல்_ராசு (மறுநாள் காலை 6:15)
மனுவுல என் கையெழுத்தும் வேணும்னா அனுப்பு தம்பி, போடறேன்.