மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: யாரிடம் கடிதம் கேட்டீர்கள்?

அமெரிக்காவில் எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்) படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எம்கேட் நுழைவுத் தேர்வு, ஜி.பி.ஏ. என்கிற மதிப்பெண் சராசரி பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். பரிந்துரைக் கடிதம் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பல கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர்கள் இருவரிடமிருந்தாவது கடிதம் கேட்கும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் நான் ஏ வாங்கியிருந்தேன். அந்தப் பேராசிரியர் கட்டாயம் எழுதித் தருவார் என்று நம்பி ஏப்ரலில் போய்க் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். கணினியில் மதிப்பெண் பட்டியலைத் திறந்து, என் பெயருக்கு நேராக விரலை வைத்தார். "முந்நூறு பேர் இருந்த வகுப்பு. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வரிதான். இதை வைத்துக்கொண்டு நான் எழுதினால் உனக்குக் கெடுதல்தான்" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆம்கேஸ் என்ற பொது விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறந்துவிடும். இனி யாரைத் தேடுவது?

இன்றைக்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஒழுங்காக வகுப்புக்கு வந்த மாணவி என்று நாலு வரி எழுதியிருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று நாமேதானே குறித்துக் கொடுக்கிறோம்! அதனால் கேட்கும்போதே, "எனக்காக அழுத்தமான கடிதம் ஒன்று தர முடியுமா?" என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் கொஞ்சம் தயங்கினாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் உடலியல் ஆய்வக ஆசிரியையிடம் போனேன். பதினெட்டுப் பேர்தான் அந்த வகுப்பில். ஒரு சோதனை மூன்று முறை சொதப்பி, நான்காவது முறை இரவு எட்டு மணி வரை அவரோடு நின்று முடித்திருந்தேன். உடனே ஒத்துக்கொண்டார். இன்னொரு கடிதம், நான் வாராவாரம் தொண்டு செய்த ஹாஸ்பிஸில் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) இருந்த நர்ஸிடமிருந்து. (கடிதங்கள் வந்து சேராவிட்டாலும் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம், ஆம்கேஸ் செய்யும் மதிப்பெண் சரிபார்ப்பு அதற்காக நிற்காது. மதிப்பெண் சான்றுகள் வராவிட்டால்தான் நின்றுபோகும். இது தெரியாமல் நான் இரண்டு வாரம் வீணாக்கினேன்.)

அக்டோபரில் முதல் நேர்காணல். எதிரே இருந்த டாக்டர் என் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "நாற்காலியை ஏன் இடம் மாற்றிப் போடுவாய்?" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. ஹாஸ்பிஸில் ஒரு பாட்டிக்கு இடது காது அறவே கேட்காது. போனவுடன் நாற்காலியைத் தூக்கி வலப்பக்கம் போட்டுக்கொண்டுதான் பேசவே தொடங்குவேன். நர்ஸ் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 5,300 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்று பத்து முறை திருத்திய என் கட்டுரையில் அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

* * *

அக்கா, நாற்காலி என்றதும் என் எம்.எம்.ஐ. ஞாபகம் வந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த நேர்காணல் முறை அது. வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள். படிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்குவார்கள், அதனால் விவரம் வேண்டாம். ஒரு அறையில், சோதனைக்காக நடிக்க வைத்திருந்த நடிகை ஒருவர் அழுதுகொண்டிருந்தார். நான் நின்றபடியே யோசனைகளை அடுக்கிக்கொண்டே போனேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதி நேரம் போன பிறகுதான் உட்கார்ந்து, "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றேன். அதன் பிறகே அவர் பேசினார். மீதி அறைகளில் முதலில் உட்கார்ந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேர்காணலை நடத்திய கல்லூரியில்தான் இப்போது படிக்கிறேன்.

* * *

நான் ஒரு அம்மா. மகள் முதல் வருடம் விண்ணப்பித்து எங்கும் கிடைக்கவில்லை. ஒரு கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டாள். சேர்க்கை அலுவலர் பொறுமையாகப் பதில் சொன்னாராம்: "உன் கோப்பு முழுமையானதே நவம்பரில். அதற்குள் நேர்காணல் அழைப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது." விண்ணப்பங்கள் வரவர இடம் கொடுத்துக்கொண்டே போகும் முறையில் கடைசித் தேதியை நம்பி உட்காரக் கூடாது என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மறுவருடம் ஜூன் முதல் வாரமே அனுப்பிவிட்டாள். கிடைத்தது காத்திருப்புப் பட்டியல். பல இடம் கையில் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 30-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் பிறகு பட்டியல் நகரும் என்றார்கள். மே முழுக்கப் போனைக் கீழே வைக்காமல் திரிந்தாள்.

ஜூனில் ஒரு காலை, துணி மடித்துக்கொண்டிருந்தோம். அழைப்பு வந்தது. இரண்டு நிமிடம் கேட்டவள், போனை என் கையில் திணித்துவிட்டு அப்பாவை எழுப்ப மாடிக்கு ஓடினாள். அந்தப் பக்கம் இருந்த அம்மையார் "ஹலோ, ஹலோ" என்கிறார். "வந்துவிடுவாள், வந்துவிடுவாள், வைத்துவிடாதீர்கள்" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.