கிண்டலடித்தாலும் கோபப்படாத உறுப்பினர்கள்

மூணாங்கட்டை:
எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது. ரப்பர் போய், செம்பனை வந்து, அதிலும் பாதி டாமான் (வீடமைப்புப் பகுதி) ஆனபிறகு ஆட்கள் ரவாங், காப்பார், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். (ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறியது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) குழுவில் உருப்படியான பேச்சு திருவிழாக் காலத்தில் மட்டும். மற்ற நாளெல்லாம் ஒருவரை ஒருவர் வாருவதுதான் வேலை.

வட்டிக்குக் கடன் தருகிறோம் என்ற விளம்பரங்கள் தொல்லை தாங்காமல் ஒரு பாட் (bot, தானாக இயங்கும் புரோகிராம்) சேர்த்தோம். யாராவது இணைப்பு அனுப்பினால் அழித்துவிட்டு எச்சரிக்கும். மூன்று எச்சரிக்கை ஆனால் வாயை அடைத்துவிடும். அதில் முதலில் மாட்டியது கடன்காரன் இல்லை, எங்கள் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஐயா. எண்பதை நெருங்குகிறவர். விடிந்ததும் ஒரு பக்திப்பாடலை யூடியூபிலிருந்து எடுத்து அனுப்பாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"எச்சரிக்கை 1/3. இணைப்புகளுக்கு அனுமதி இல்லை."

ஐயா பதில் எழுதினார்: "தம்பி, பசியாறியாச்சா? நீ யார் வீட்டுப் பிள்ளை?"

பதில் இல்லை. மறுநாள் முருகன் பாடல், எச்சரிக்கை 2/3. "உன் தாத்தா பேரை செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எழுதினவனே நான்தான். பெரியவர்களிடம் பேசும் முறையா இது?" என்றார். அதற்கடுத்த நாள் ஐயாவின் வாய் அடைபட்டது.

அப்புறம்தான் கூத்து. "கிராணிக்கே ஆள்குறைப்பா!" என்று ஒருவர். "நட்டஈடு கொடுத்தார்களா? யூனியனைக் கூப்பிடு" என்று இன்னொருவர். சாயங்காலம் ஐயாவின் மகள் எனக்கு போன் செய்து, "யாரோ ஒரு பையன் அவமானப்படுத்திவிட்டான் என்று அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், யார் அது?" என்று கேட்டார். ஐயாவை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தோம். இப்போது தினமும் இரண்டு பாடல் வருகிறது.

எங்கள் வாருதலுக்கும் ஒரு முறை உண்டு. மச்சானை எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம், ஐயாவிடம் அடக்கி வாசிக்க வேண்டும். அந்த புரோகிராமுக்கு எல்லாரும் ஒன்றுதான். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

சைபர்கபே வாசி:
நமக்கு பாட் பழக்கம் டெலிகிராமுக்கு ரொம்ப முன்னாலேயே உண்டு, அண்ணே. தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த சைபர்கபேயில் எம்ஐஆர்சி என்ற அரட்டை மென்பொருளைத் திறந்து உட்கார்ந்த கூட்டம் நாங்கள். சேனலுக்கு, அதாவது அரட்டை அறைக்கு, காவல் பெரும்பாலும் எக்டிராப் என்ற பாட்தான். 1993-இல் ராபி பாயின்டர் என்பவர் எழுதியது. சேனலின் அதிகாரத்தை எவனும் தட்டிப் பறிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் முதல் வேலை.

எங்களுக்குப் பிடித்தது வேறு. ஒரு பெயரைத் தட்டினால், அந்த ஆள் கடைசியாக எப்போது வந்துபோனார் என்று சொல்லும். பத்து மணிக்கே தூங்கிவிட்டேன் என்று சொன்ன பெண்ணை, ஒன்றரை மணி வரை இங்கேதான் இருந்தாள் என்று அது போட்டுக்கொடுத்து எத்தனை காதல் பிய்ந்தது தெரியுமா? கூட்டாளி ஒருவன், தன்னிடம் 50 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிவிட்டு ஓடியவனின் பெயரைத் தட்டினான். "அந்தப் பெயரில் யாரையும் பார்த்ததில்லை" என்று பதில் வந்தது. "இதுக்கும் பங்கு கொடுத்திருக்கான் போல" என்றான்.

சொல்லைப் பார்த்துப் பாய்கிற பாட் இன்னும் மோசம். 1994 வாக்கில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் செர்தார் ஆர்கிச் என்ற பெயரில் பதிவுகள் கொட்டின. துருக்கி நாட்டைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் புகுந்து நீண்ட அரசியல் பிரசங்கம். ஆங்கிலத்தில் வான்கோழிக்கும் அதே பெயர் என்பதால், பண்டிகைச் சமையல் பேசியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். மனிதன் உட்கார்ந்து படித்துப் பதில் போட்டிருந்தால் கோழிக்கறிக்கு அப்படிக் கோபம் வருமா?

பலகாரக்கடை அக்கா:
எங்கள் பெண்கள் குழுவில் ஒரு சின்னப் பெண் படத்தோடு ஒரு கணக்கு நுழைந்தது. பகுதிநேர வேலை, ஒரு நாளைக்கு 300 வெள்ளி, ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் போதுமாம். "நட்சத்திரம் போடுறது இருக்கட்டும்மா, உன் நட்சத்திரம் என்ன? என் தம்பிக்கு வரன் பார்க்கிறோம்" என்று நான் கேட்டேன். "ஆர்வமா? தனியாக எழுதவும்" என்று வந்தது. "ராசி?" என்றார் எதிர்வீட்டு அக்கா. "ஆர்வமா? தனியாக எழுதவும்." "சீர்வரிசை எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" அதற்கும் அதே. சிரித்துச் சிரித்து எனக்கு எண்ணெயில் முறுக்கு கருகியது.

ஆனால் இதை இத்தோடு விட முடியாது. நாங்கள் குழுவில் விளையாடிக்கொண்டிருந்தபோதே, தனியாக எழுதிய ஒரு பிள்ளையிடம் நிஜ ஆள் ஒருவன் பேச ஆரம்பித்துவிட்டான். முதலில் சின்னத் தொகை அவள் கணக்குக்கு வந்தது, அடுத்து "முன்பணம்" கேட்டான். நல்லவேளை, பணம் போடுவதற்குள் அம்மாவிடம் வாயைவிட்டுவிட்டாள். குழுவில் வலை வீசுவது புரோகிராம், மீனை எடுக்க வருவது மனிதன்.

என் மகன் சொல்லித் தெரிந்துகொண்டது: டெலிகிராமில் முறையாகப் பதிந்த பாட்டின் பயனர்பெயர் பொதுவாக 'bot' என்றுதான் முடியும், நாம் தொடங்காமல் அது பொதுவாக நமக்குத் தனியாக எழுதவும் முடியாது. அதனால் தானாக வந்து கதவைத் தட்டுவது பெரும்பாலும் சாதாரணக் கணக்கு. பின்னால் ஆள் இருக்கலாம், ஆள் மாதிரி ஓட்டப்படும் புரோகிராமும் இருக்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள். 2022 அக்டோபரில் இதற்கென்றே தொடங்கிய எண். காசு அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள்.

இரண்டாம் டிவிஷன்:
அக்கா, நாளைக்கு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கருகாத முறுக்கு கிடைக்குமா?

பலகாரக்கடை அக்கா:
ஆர்வமா? தனியாக எழுதவும்.

கணினி தம்பி:
நான் பாட் செய்யும் கட்சி, அடிக்க வராதீர்கள். 1980-களில் பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் மார்க் வி. ஷேனி என்று ஒரு கற்பனை ஆளை யூஸ்நெட்டில் உலவவிட்டார்கள். மற்றவர்கள் எழுதியதை அதற்குத் தின்னக் கொடுப்பார்கள். இரண்டு சொல்லைப் பார்க்கும், அவற்றுக்குப் பின்னால் முன்பு எந்தச் சொல் வந்ததோ அதில் ஒன்றை எடுத்து ஒட்டும், அப்படியே போய்க்கொண்டிருக்கும். படித்தவர்களில் சிலர் நிஜ மனிதன் என்றே நம்பினார்களாம்.

எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு எங்கள் குடும்பக் குழுவின் பழைய பேச்சை அதேபோல் ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தேன். முதல் முத்து இது: "நாளை காலை கும்பாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் லோரி டயரை மாற்றிவிட்டு ஆட்டுக்கால் சூப்போடு வரவும் ஓம் சக்தி." பெரியப்பா உடனே கேட்டார்: "சூப்பு எத்தனை பேருக்கு?" எல்லாருக்கும் தெரியும் அது பாட் என்று, பெரியப்பாவுக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்கு முழுக்க லோரி டயரைப் பற்றி அதோடு மல்லுக்கட்டினார். அர்த்தமில்லாமல் பேசுவதில் குடும்பத்தில் தனக்குப் போட்டி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மூணாங்கட்டை:
தம்பி, இப்போது வருகிறதெல்லாம் நம்மைவிட நல்ல தமிழ் பேசுகிறது, கிண்டலுக்குச் சிரிக்கவும் செய்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினி தம்பி:
கோபப்படுத்திப் பார்ப்பது இனி வேலைக்கு ஆகாது, அண்ணே. நடக்காததைச் சொல்லிப் பார்க்கலாம். போன மாதம் "நானும் தோட்டத்துப் பிள்ளைதான்" என்று ஒரு கணக்கு எங்கள் குழுவில் குழைந்துகொண்டு வந்தது. "ஆயாக்கொட்டகைக்குப் (பிள்ளைக் காப்பகத்துக்குப்) பின்னால் இருந்த நீச்சல்குளத்தில் குதித்தோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "மறக்க முடியுமா அண்ணே! அந்தக் குளிர்ந்த நீரும் நண்பர்களின் சிரிப்பும் இன்னும் மனதில் நிற்கிறது" என்று பதில். நிஜ ஆளும் மரியாதைக்குத் தலையாட்டுவார் என்பதால் இதை மட்டும் வைத்து யாரையும் வெளியேற்ற மாட்டேன். அந்தக் கணக்கு மறுநாளே தங்க முதலீடு பேசியதால் தூக்கினோம்.

இரண்டாம் டிவிஷன்:
நீச்சல்குளமா! துரை பங்களாவிலேயே கிடையாது. எங்கள் லயத்துக்கே ஒரு பைப்புதான்டா, அதற்கும் வரிசை.